ரூ.101 சம்பளத்துக்கு நடிக்கப் போன புதுக்கோட்டை பயில்வான்... பம்பாயை கலக்கிய மவுனப்பட ஹீரோ ராஜா சாண்டோ!

பெரம்பலூர்:

ஜவுளிக்கடையில் கை இல்லாத பனியன் வேணும்னா சாண்டோ பனியன் குடுங்கன்னு தான் கேட்போம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேட்டாலும் சரி, அரியலூர் கடைவீதியில் கேட்டாலும் சரி, கடைக்காரர் சைஸ் மட்டும் கேட்டுவிட்டு எடுத்துப் போடுவார். ஆனால் சாண்டோ என்பது ஒரு மனுஷனோட பேரு என்பது நம்மில் பலருக்கு தெரியாது. அந்த பேரை தன் பேரோடு சேர்த்துக்கொண்டு, பம்பாய்க்கு போய், பேசாத படங்களில் ஹீரோவாக கொடிகட்டி பறந்த தமிழர் ஒருவர் இருந்தார் என்பது இன்னும் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும்.

அவர்தான் பி.கே.ராஜா சாண்டோ!

தமிழ் சினிமா வாய் திறந்து பேசியது 1931-ம் ஆண்டில். அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே கேமரா முன்னால் நின்றுவிட்டார் இவர். ஸ்டண்ட் நடிகராக நுழைந்து, ஹீரோ ஆகி, டைரக்டராக உயர்ந்த இவரது கதை ஒரு சினிமா கதையை விட சுவாரசியமானது.

பக்கத்து ஊர்க்காரர்

ராஜா சாண்டோவின் இயற்பெயர் நாகலிங்கம். 1894-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் ராஜாக்கள் ஆட்சி. நம்ம பெரம்பலூர், அரியலூர் எல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சியில் திருச்சி மாவட்டத்தில் இருந்தன.

சுதந்திரத்துக்கு பிறகு 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது புதுக்கோட்டையும் திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. 1974-ல் அது தனி மாவட்டம் ஆகிற வரைக்கும், சுமார் 26 வருஷம் நாமும் அவங்களும் ஒரே மாவட்டத்துக்காரங்க. அந்த வகையில் ராஜா சாண்டோ நமக்கு பக்கத்து ஊர்க்காரர் தான்.

நாகலிங்கத்துக்கு 11 வயசு இருக்கும்போது, அதாவது 1905-ல், திருச்சியில் ஒரு சம்பவம் நடந்தது. ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருந்து படம் காட்டும் மெஷினையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் போட்டு ஊர் ஊராக படம் காட்ட கிளம்பினார். தென்னிந்தியாவில் டூரிங் சினிமாவுக்கு பிள்ளையார் சுழி போட்டது அவர்தான். சினிமா என்கிற சங்கதி நம்ம பக்கத்துக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

யார் அந்த சாண்டோ?

அந்த நாளில் உலகம் முழுக்க ஒரு பயில்வான் பேர் அடிபட்டது. யூஜின் சாண்டோ. ஜெர்மனிக்காரர். இங்கிலாந்தில் பேர் வாங்கியவர். குண்டு தூக்குவார், சங்கிலியை அறுப்பார். சும்மா மேடையில் நின்று புஜத்தையும் மார்பையும் முறுக்கி காட்டினாலே ஜனங்கள் காசு கொடுத்து பார்ப்பார்கள். உடம்பை வளர்ப்பதை ஒரு கலையாக, ஒரு தொழிலாக மாற்றியவர் அவர்.

1904-05 வாக்கில் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்தினார். அதற்கு பிறகு நம்ம நாட்டில் பலசாலி யாராக இருந்தாலும் பேருக்கு முன்னாலோ பின்னாலோ சாண்டோ ஒட்டிக்கொண்டது. தேவர் பிலிம்ஸ் அதிபர் சாண்டோ எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர் பெயரில் இருப்பதும் இதே சாண்டோ தான்.

நம்ம நாகலிங்கமும் உடற்பயிற்சியில் தேர்ந்தவர். ஜிம்னாஸ்டிக் வித்தையில் கெட்டிக்காரர். கட்டுமஸ்தான உடம்பு. நாகலிங்கம் என்ற பேர் மறைந்து, ராஜா சாண்டோ என்ற பேர் நிலைத்தது.

அங்கே மாடு பிடிப்பவர்... இங்கே பயில்வான்!

இந்த இடத்தில் அமெரிக்காவை கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

அங்கே கவ்பாய் என்று சொல்லப்படும் மாடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள். நம்ம ஊரில் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடத்துகிற மாதிரி அவர்களுக்கு ரோடியோ போட்டி. முரட்டு குதிரை மேல் உட்கார்ந்து தாக்குப்பிடிக்க வேண்டும். ஓடுகிற காளை மேல் குதிரையில் இருந்து பாய்ந்து, கொம்பை பிடித்து சாய்க்க வேண்டும். அப்படிப்பட்ட போட்டியில் 1912-ல் சாம்பியன் ஆனவர் ஹூட் கிப்சன். நம்ம ராஜா சாண்டோவை விட 2 வயசு மூத்தவர். குதிரை ஓட்டத் தெரிந்த காரணத்தால் சினிமாவில் சின்னச்சின்ன வேலை கிடைத்தது. 1920-களில் அவரே பெரிய ஹீரோ ஆகிவிட்டார்.

மவுனப்பட காலத்தின் கணக்கே அதுதான். வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. உடம்புதான் பேச வேண்டும். அதனால் நாடக மேடையில் தொண்டை கிழிய பாடியவர்களை விட, குதிரை ஏறத்தெரிந்தவன், மாடியில் இருந்து குதிக்கத்தெரிந்தவன், குஸ்தி போடத்தெரிந்தவன் கேமராவுக்கு தேவைப்பட்டான். சர்க்கஸில் பார் வித்தை காட்டிய எட்டி போலோவின் சண்டைப்படங்கள் இந்தியாவில் சக்கைப்போடு போட்டன. அந்த மாதிரி படம் பார்த்து பழகிய ரசிகர்களுக்கு சொந்த நாட்டிலேயே ஒரு ஆள் வேண்டி இருந்தது.

அந்த ஆள் புதுக்கோட்டையில் இருந்து போனார்.

கையில் 101 ரூபாய்

1922-ம் ஆண்டு. பம்பாயில் எஸ்.என்.பதங்கர் என்பவர் நேஷனல் பிலிம் கம்பெனி சார்பில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய "பக்த போதனா" படத்தில் ராஜா சாண்டோவுக்கு நடிக்க வாய்ப்பு கிடைத்தது. சம்பளம் ரூ.101.

அடுத்த வருஷமே அவருக்கு யோகம் அடித்தது. 1923-ல் வந்த "வீர் பீம்சேன்" படத்தில் பீமன் வேஷம். கதை எல்லோருக்கும் தெரிந்த மகாபாரதம். ஆள் நிஜமாகவே பயில்வான். ஜனங்களுக்கு பிடித்துப்போனது. ராஜா சாண்டோவுக்கு பெரிய பேர் வாங்கித்தந்த படம் இதுதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து போனவர் எப்படி இந்தி, குஜராத்தி, மராத்தி ரசிகர்களுக்கு ஹீரோ ஆக முடிந்தது? படம் பேசவில்லை, அதனால்தான்! நடிகர் எந்த பாஷைக்காரர் என்று பார்க்கிறவர்களுக்கு தெரியாது. வசனத்துக்கு பதிலாக இடையிடையே எழுத்து வரும். அதை இரண்டு மூன்று பாஷையில் எழுதி காட்டுவார்கள். எழுத படிக்க தெரியாதவர்களுக்காக கொட்டகையில் ஒருத்தர் திரைக்கு பக்கத்தில் நின்று சத்தம் போட்டு கதை சொல்வார். அவர் எந்த பாஷையில் சொல்கிறாரோ அதுதான் படத்தின் பாஷை. பம்பாயில் பார்த்தால் இந்தி படம், திருச்சியில் பார்த்தால் தமிழ் படம்.

இந்த வசதி சுமார் 9 வருஷம் ராஜா சாண்டோவுக்கு கைகொடுத்தது.

குஸ்தியில் இருந்து குடும்பக்கதைக்கு...

உடம்பை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அதே வேலையை திரும்ப திரும்ப செய்து ஓய்ந்துபோவார்கள். ராஜா சாண்டோ அப்படி இல்லை. புராணத்தில் தொடங்கியவர், சமூகக்கதைகளுக்கு மாறினார்.

கோஹினூர் பிலிம் கம்பெனியில் 1926-ல் "டெலிபோன் கேர்ள்", "டைப்பிஸ்ட் கேர்ள்" என்று வரிசையாக படங்கள் வந்தன. அன்றைய கனவுக்கன்னி சுலோசனாவுடன் ராஜா சாண்டோ நடித்தார். சுலோசனாவின் நிஜப்பெயர் ரூபி மயர்ஸ். நிஜ வாழ்க்கையிலும் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர். ஆபீசுக்கு போகும் பெண் என்பதே அந்த காலத்தில் புதுமை. அதையே கதையாக வைத்தார்கள். "டைப்பிஸ்ட் கேர்ள்" படத்தை டைரக்டு செய்த சந்துலால் ஷா அதை 17 நாட்களில் எடுத்து முடித்தார் என்று சொல்வார்கள்.

மறுவருஷம் 1927-ல் அதே சந்துலால் ஷாவின் "குணசுந்தரி". வீட்டு வேலையே கதின்னு கிடக்கும் மனைவி, புருஷன் வழி தவறுவதை பார்த்து தானும் மாறுகிற கதை. இதில் கோஹர் கதாநாயகி, உடன் ராஜா சாண்டோ. படம் நன்றாக ஓடியது. பீமனாக கதாயுதம் தூக்கியவர், கோட்டு போட்ட பட்டணத்து ஆளாகவும் நடிக்க முடியும் என்று காட்டிவிட்டார்.

1928-ல் "ஸ்நேக ஜோதி" என்ற படத்தை டைரக்டு செய்தார். சண்டைக்காக கூப்பிட்டு வந்த ஆள், 6 வருஷத்தில் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்!

தாய் மண்ணுக்கு திரும்பினார்

அப்போது சென்னையில் ஆர்.பத்மநாபன் என்பவர் அசோசியேட் பிலிம்ஸ் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் "தியாக பூமி" எடுத்த டைரக்டர் கே.சுப்ரமணியமும் அதில் இருந்தார். அவர்கள் பம்பாயில் இருந்து ராஜா சாண்டோவை வரவழைத்தார்கள்.

"பேயும் பெண்ணும்", "நந்தனார்", "அனாதைப் பெண்", "ராஜேஸ்வரி" என்று அடுத்தடுத்து மவுனப்படங்கள். இதில் "அனாதைப் பெண்" பிரபல நாவலாசிரியை வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதிய கதை. பெண் எழுதிய நாவலை அந்த காலத்திலேயே படமாக்கியது சாதாரண விஷயம் இல்லை.

"ராஜேஸ்வரி" படத்தில் நடித்தவர் டி.பி.ராஜலட்சுமி. அரியலூர் மாவட்டம் திருமானூரில் இருந்து கொள்ளிடத்தை தாண்டினால் எட்டிவிடும் திருவையாறு தான் அவர் சொந்த ஊர். தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" கதாநாயகி இவரே என்பது குறிப்பிடத்தக்கது.

புராணப்படம் எடுத்தால் கல்லா நிறையும் என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடிய காலம் அது. நம்மை சுற்றி நடக்கிறதை படம் எடுக்க வேண்டும், அதையும் ஜனங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ராஜா சாண்டோ.

படம் பேசியது... பலர் வாயடைத்தார்கள்!

1931 மார்ச் மாதம் பம்பாயில் "ஆலம் ஆரா" பேசியது. அக்டோபர் மாதம் சென்னையில் "காளிதாஸ்" பேசியது.

ஒரே வருஷத்தில் ஆட்டம் மாறிப்போனது. பாடத்தெரிந்தவனுக்கு மவுசு, பாஷை தெரிந்தவனுக்கு மதிப்பு. நேற்று வரைக்கும் இந்தியா முழுக்க ஹீரோவாக இருந்தவர்கள், இன்றைக்கு ஒரு பாஷைக்குள் அடங்க வேண்டிய நிலை. உச்சத்தில் இருந்த சுலோசனாவே நடிப்பை நிறுத்திவிட்டு இந்துஸ்தானி பாஷை படிக்க வேண்டி வந்தது.

ராஜா சாண்டோவுக்கு 37 வயசு. உடம்பை மட்டும் நம்பி இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆனால் டைரக்ஷன் தொழில் கையில் இருந்தது. தமிழ் தாய்மொழி. பேசும் படத்திலும் ஒரு கை பார்த்தார். இந்தியில் 1934-ல் வந்த "இந்திரா எம்.ஏ." படத்தில் நடித்தார். தமிழில் முழு மூச்சாக டைரக்ஷனில் இறங்கினார்.

என்.எஸ்.கே. முகத்தை காட்டிய "மேனகா"

1935-ல் வந்த "மேனகா" அவர் பேரை தமிழ்நாடு முழுக்க கொண்டுபோனது. வடுவூர் துரைசாமி அய்யங்கார் எழுதிய நாவல். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்தி வெற்றி பெற்ற கதை. தமிழில் ஆரம்பகால சமூகப் பேசும்படம் என்றால் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

நாடக கம்பெனியே மூட்டை முடிச்சோடு பம்பாய் ரஞ்சித் ஸ்டூடியோவுக்கு ரெயில் ஏறியது. மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கத்தி பழகியவர்களை, கேமரா முன் அடக்கி நடிக்க வைக்க வேண்டும். அந்த பொறுப்பு ராஜா சாண்டோ தலையில். மனுஷன் ரொம்ப கண்டிப்பு. முன்கோபக்காரர் என்று பேர். பயில்வான் வேறு! செட்டில் அவர் வந்து நின்றால் எல்லோருக்கும் ஒரு உதறல் தான்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை ரசிகர்கள் முதன்முதலாக திரையில் பார்த்தது இந்த படத்தில் தான். அவர் முதலில் நடித்தது "சதி லீலாவதி" என்றாலும், முந்திக்கொண்டு வெளிவந்தது "மேனகா".

அடுத்து 1936-ல் "சந்திரகாந்தா". போலி மடாதிபதியின் லீலைகளை போட்டு உடைத்த படம். இதில் அறிமுகமான இளைஞர் பி.யு.சின்னப்பா. அவரும் புதுக்கோட்டைக்காரர். அவரும் சிலம்பம், குஸ்தி எல்லாம் கற்றவர். பின்னாளில் தியாகராஜ பாகவதருக்கு சரிசமமான போட்டியாக வந்து, "உத்தமபுத்திரன்" படத்தில் இரட்டை வேஷம் போட்ட அதே சின்னப்பா தான். தன் ஊர் ஆளின் முதல் படத்தை டைரக்டு செய்தவர் என்ற பெருமையும் ராஜா சாண்டோவுக்கு சேர்ந்தது.

பாகவதர் படம்

1939-ல் பாகவதர் நடித்த "திருநீலகண்டர்" படத்தை டைரக்டு செய்தார். திருச்சியில் வளர்ந்த பாகவதருக்கு நம்ம பக்கம் இருந்த மவுசு சொல்லி தெரிய வேண்டியது இல்லை. படம் வெற்றி.

1942-ல் "ஆராய்ச்சிமணி". கன்றை இழந்த பசு மணி அடிக்க, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதி சோழன் கதை. கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்திருக்கிற அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு சோழன் கதை என்றால் தனி பாசம் தானே!

கடைசியாக கோவை சென்டிரல் ஸ்டூடியோவில் மீண்டும் பாகவதர் படம், "சிவகவி". இங்கேதான் சறுக்கல். பாதி வேலை நடந்துகொண்டிருந்தபோது, எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவுக்கும் ராஜா சாண்டோவுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ராஜா சாண்டோ விலக, மீதி படத்தை நாயுடுவே டைரக்டு செய்து முடித்தார். 1943-ல் வெளியான "சிவகவி" ஓகோ என்று ஓடியது. வெற்றியில் இரண்டு பேருக்கும் பங்கு.

அந்த வருஷ கடைசியில், நவம்பர் மாதம், கோவையில் ராஜா சாண்டோ காலமானார். உடம்பையே மூலதனமாக வைத்து வாழ்ந்தவருக்கு 50 வயசு கூட முடியவில்லை.

உடம்பும் இல்லை... படமும் இல்லை!

கிப்சன் கதையும் சந்தோஷமாக முடியவில்லை. பேசும் படம் வந்த பிறகு மெல்ல மெல்ல மார்க்கெட் இறங்கியது. சம்பாதித்த பணமும் போனது. கடைசி காலத்தில் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு சூதாட்ட விடுதியில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். 1962-ல் இறந்தார். ஆனாலும் அவர் குதிரையில் பறக்கும் படங்களில் சிலவற்றை இன்றைக்கும் போட்டு பார்க்கலாம்.

நம்ம ராஜா சாண்டோவின் பீமன் வேஷத்தை அப்படி பார்க்க முடியாது.

காரணம், அந்த கால படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளில் ஆனது. சீக்கிரம் கெட்டுப்போகும். தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பேசும் படம் வந்ததும் பழைய மவுனப்படத்துக்கு மதிப்பு போனது. சுருளில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே பலவற்றை உருக்கினார்கள். இந்தியாவில் 1,300-க்கும் அதிகமான மவுனப்படங்கள் எடுக்கப்பட்டன. இன்றைக்கு மிச்சம் இருப்பது சில டஜன் தான். தென்னிந்தியாவில் எடுத்த மவுனப்படங்களில் ஓரளவு முழுசாக கிடைத்தது 1933-ல் வந்த "மார்த்தாண்ட வர்மா" மட்டுமே. சென்னையில் ராஜா சாண்டோ எடுத்த "பேயும் பெண்ணும்", "அனாதைப் பெண்" எல்லாம் பேர் அளவில் தான் மிச்சம்.

பேரை காப்பாற்ற தமிழக அரசு ஒரு காரியம் செய்தது. அரசு வழங்கும் சினிமா விருதுகளில் ராஜா சாண்டோ பெயரிலும் ஒரு விருதை வைத்தது.

பரண் மேல் இருக்கா பாருங்க!

படச்சுருள் போனது போனதுதான். ஆனால் காகிதம் சில இடங்களில் மிஞ்சி இருக்கலாம். அந்த நாளில் படம் ஊருக்கு வந்தால் மாட்டு வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு போய் நோட்டீஸ் கொடுப்பார்கள். பேசும் படம் வந்த பிறகு கொட்டகை வாசலில் பாட்டு புஸ்தகம் விற்பார்கள். தாத்தா, பாட்டி காலத்து டிரங்கு பெட்டியில், பரண் மேல், பழைய கணக்கு நோட்டுக்கு நடுவில் அப்படி ஏதாவது இருக்கலாம். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் பழைய வீடுகள் இன்னும் இருக்கத்தானே செய்கின்றன.

வீட்டை இடிக்கும்போது, வெள்ளை அடிக்கும்போது அதையெல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்கு போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பாட்டு புஸ்தகம், சினிமா நோட்டீஸ் மாதிரி சமாச்சாரங்களை சேர்த்து பாதுகாக்கிற இடம். புனேயில் மத்திய அரசின் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்களிடம் காட்டினால் அதன் மதிப்பு தெரியும்.

யாருக்கு தெரியும்... நம்ம ஊர் பரண் ஒன்றில் இருந்து கூட புதுக்கோட்டை பயில்வானின் முகம் வெளியே வரலாம்!